மாதச் சம்பளத்திலிருந்து சொத்து: கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கான சிக்கன, சேமிப்பு வழிகாட்டி

கோலாலம்பூரில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் சிக்கனத்துக்குப் பஞ்சமில்லை. சந்தையில் பேரம் பேசுவதும், மூத்தவனின் பள்ளிச் சீருடையை இளையவனுக்குத் தைத்துக் கொடுப்பதும், மீந்த குழம்பை மறுநாள் காலை தோசைக்கு எடுத்து வைப்பதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவைதாம். இருந்தும் இருபது ஆண்டுகள் உழைத்த பிறகு கையில் ஒன்றும் நிற்கவில்லை என்ற குறை பல வீடுகளில் இருக்கிறது. இதற்கான காரணத்தை நான் இரண்டு இடங்களில் பார்க்கிறேன். சிறு செலவுகளில் காட்டும் கண்டிப்பை கார், வீடு, விசேஷம் ஆகிய மூன்று பெரிய செலவுகளில் நாம் காட்டுவதில்லை. மேலும், மிச்சப்படுத்திய பணம் சம்பளம் விழும் அதே கணக்கில் கிடப்பதால், அடுத்த பழுதுக்கோ அடுத்த தள்ளுபடி விற்பனைக்கோ கரைந்துவிடுகிறது. மிச்சமான தொகை அன்றே இடம் மாறினால்தான் அது சேமிப்பாகும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, நம் மண்ணிலேயே நடந்த ஒன்றை நினைவூட்ட வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, அவை துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். அந்த நேரத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைச் சேர்த்தார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி, பால்மரம் சீவிய கைகளே தோட்டங்களை வாங்கின. அந்தப் பத்து வெள்ளி செலவுக்குப் போக மீந்த பணமாக இருந்திருக்க முடியாது. சம்பளம் வந்ததும் முதலில் எடுத்துக் கொடுத்த பணமாகத்தான் இருந்திருக்கும். அந்த வரிசையைத்தான் நாமும் கைக்கொள்ள வேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக, செந்தூலில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 3,000 ரிங்கிட், மனைவிக்கு 2,500 ரிங்கிட் சம்பளம். பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது சுமார் 4,850 ரிங்கிட். உங்கள் வருமானம் இதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். தொகைகள் மாறினாலும் படிகளின் வரிசை மாறாது.

படி 1: சம்பளச் சீட்டை வரி வரியாகப் படியுங்கள்

கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 3,000 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இபிஎஃப்-க்கு, உங்கள் பங்காக 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட் பிடிக்கப்படுகிறது. சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு முதலாளி 13 விழுக்காடு செலுத்த வேண்டும்; அது 390 ரிங்கிட். ஆக, மாதம் 720 ரிங்கிட் உங்கள் பெயரில் சேர்கிறது. மனைவியின் 2,500 ரிங்கிட்டுக்கு இரண்டு பங்கும் சேர்ந்து 600 ரிங்கிட். செலவைக் குறைக்கும் முன்பே இந்தக் குடும்பத்துக்கு மாதம் 1,320 ரிங்கிட் சேமிப்பு இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

சீட்டில் பிடித்திருப்பதால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. இபிஎஃப் செயலியில் நுழைந்து, ஒவ்வொரு மாதமும் இரண்டு பங்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் விடும் முதலாளிகள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். இரண்டு மூன்று மாதங்கள் பதிவில்லை என்றால் வேலையை விட்டு விலகும்வரை காத்திராமல், சம்பளச் சீட்டுகளுடன் அருகிலுள்ள இபிஎஃப் கிளைக்குச் சென்று புகார் கொடுங்கள்.

படி 2: ஒரு மாதச் செலவை முழுதாக எழுதுங்கள்

செயலியிலோ நோட்டுப் புத்தகத்திலோ, ஒரே ஒரு மாதம், ஒன்று விடாமல் எழுதினால் போதும். கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதி, மாத இறுதியில் ஒன்றாக உட்கார்ந்து கூட்டுங்கள். குற்றம் சாட்டுவதற்காக உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால் அடுத்த மாதம் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். இ-வாலட்டில் ஐம்பது ஐம்பதாக நிரப்பும் பணத்தை வெறுமனே "ரீலோட்" என்று எழுதாமல், அது எதற்குப் போனது என்று எழுதுவது முக்கியம்.

படி 3: அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள்

கடன் அட்டையில் 5,000 ரிங்கிட் நிலுவை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால் மாதம் 75 ரிங்கிட் வட்டிக்கே போகிறது. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 250 ரிங்கிட்டைக் கட்டினால், கடனில் 175 ரிங்கிட்தான் குறையும். நிலுவை குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைவதால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இபிஎஃப்-இல் ஐந்தாறு விழுக்காடு ஈவு வாங்கிக்கொண்டே அட்டைக்குப் பதினெட்டு விழுக்காடு கட்டும் வீட்டில் பணம் சேராது. ஆகவே நீண்டகாலச் சேமிப்புக்கு ஒதுக்க நினைத்த தொகையை, அட்டைக் கடன் தீரும்வரை அட்டைக்கே கொடுங்கள்.

அடகுக் கடை நமக்குப் பழகிய இடம். அங்கே சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. பத்து நாள் அவசரத்துக்கு வைத்து மீட்பது வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பது, அம்மா கொடுத்த சங்கிலிக்கு நாமே வாடகை கட்டுவதாகிவிடும். மீட்க வழியில்லை என்று தெரிந்தால், மனத்துக்குக் கஷ்டமாக இருந்தாலும், ஒரு நகையை விற்று மற்றவற்றை மீட்பதே நல்லது.

வட்டி முதலைகளிடம் மட்டும் எந்த நெருக்கடியிலும் போகாதீர்கள். கடன் கைமீறிவிட்டது என்று தோன்றினால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனமான ஏகேபிகே இருக்கிறது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளுடன் பேசித் தவணைகளைத் திருத்தியமைத்துத் தரும் வேலையை அவர்கள் செய்கிறார்கள். அங்கே போவதை அவமானமாக நினைத்துத் தள்ளிப்போட்டு, அதற்குள் கடனை இரட்டிப்பாக்கிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

உறவினருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதையும் கடன் பட்டியலில் சேர்த்தே எண்ணுங்கள். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும். மாமாவோ சித்தப்பாவோ கேட்கும்போது மறுப்பது கடினந்தான். "ஜாமீன் போட முடியாது, ஆனால் என்னால் முடிந்த இந்தத் தொகையை வைத்துக்கொள்ளுங்கள், திருப்ப வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவது உறவையும் காக்கும், உங்கள் வீட்டையும் காக்கும்.

படி 4: ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டாகப் பிரியுங்கள்

தீபாவளி எந்த மாதம் வரும் என்பது நமக்குத் தெரியும். பள்ளி திறக்கும் நாளும், வாகனக் காப்புறுதி முடியும் நாளும் தெரியும். தெரிந்த செலவு வரும்போது கடன் வாங்குவதுதான் நம் குடும்பங்களின் பெரிய ஓட்டை. நம் செந்தூல் குடும்பத்தின் ஆண்டுச் செலவுகளை இப்படி எழுதலாம்: தீபாவளிக்கு 1,200, காருக்கான காப்புறுதியும் சாலை வரியும் 1,400, பள்ளிச் செலவு 800, கல்யாண மொய்யும் பிறந்தநாள் அன்பளிப்புகளும் 800, பல் மருத்துவம், வீட்டுப் பழுது போன்றவை 600. கூட்டினால் 4,800 ரிங்கிட். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 400.

இந்த 400 ரிங்கிட் சம்பள நாளிலேயே வேறொரு வங்கியிலுள்ள கணக்குக்குத் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். பெரும்பாலான வங்கிச் செயலிகளில் குறித்த தேதியில் பணம் மாற்றும் வசதி உண்டு. சம்பளம் 28-ஆம் தேதி விழுந்தால் மாற்றத்தை 29-ஆம் தேதிக்கு வையுங்கள். தீபாவளிக்கு 1,200-க்கு மேல் செலவாகும் போலிருந்தால் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் கவலைப்படாமல், ஜனவரியிலேயே மாதத் தொகையைக் கூட்டுங்கள் அல்லது பட்டியலைக் குறையுங்கள்.

கூட்டுப் பணம் (சீட்டு) பிடிப்பதை இதற்கு மாற்றாகச் சிலர் கருதுகிறார்கள். 1971-ஆம் ஆண்டின் சட்டப்படி அதை நடத்துவது இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. பிடித்தவர் ஓடிவிட்டால் போட்ட பணத்துக்குப் பிடிமானம் இல்லை. அண்டை வீட்டாரின் நட்புக்காக அதில் சேராதீர்கள்.

படி 5: அவசர நிதி

முதல் இலக்கு 2,000 ரிங்கிட்; கடனை அடைத்துக்கொண்டிருக்கும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த இலக்கு மூன்று மாதச் செலவு. நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு அது சுமார் 12,000 ரிங்கிட். மாதம் 200 என்று போட்டால் நெடுங்காலம் ஆகும். ஆகவே போனஸ், ஓவர்டைம் பணம், வருமான வரியில் திரும்பி வரும் தொகை ஆகியவற்றை முழுதாக இதில் போடுங்கள். ஏடிஎம் அட்டை வாங்காத ஒரு சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்புத்தொகையிலோ இது இருக்கலாம். பிஐடிஎம் எனப்படும் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்புத் தருகிறது. இந்தப் பணத்துக்கு அதிக வருமானம் தேடாதீர்கள்.

படி 6: மூன்று பெரிய செலவுகளில் கண்டிப்பு

கார். தலைநகரில் கார் தேவைதான் என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உள்ள வீட்டுக்கு ஒன்று வேண்டும். இரண்டாவது கார்தான் என் கேள்வி. 50,000 ரிங்கிட் கடனை 9 ஆண்டுகளுக்கு, நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவந்த ஃபிளாட் ரேட் முறையில் 3 விழுக்காட்டுக்கு எடுத்தால், வட்டி 13,500 ரிங்கிட். மாதத் தவணை சுமார் 588. விற்பனையாளர் 3 விழுக்காடு என்று சொன்னாலும், முதல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி முழுக் கடனுக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி சுமார் 5.5 விழுக்காடு. தவணையுடன் பெட்ரோல், டோல், பார்க்கிங், காப்புறுதி, சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் மாதம் ஆயிரத்தைத் தாண்டும். அதே நேரத்தில் மை50 அட்டை 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பேருந்து எல்லாவற்றிலும் மலேசியரை வரம்பின்றி ஏற்றிச் செல்கிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவருடைய வேலையிடமாவது ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்குமானால், இரண்டாவது காரை வாங்காமல் இருப்பது ஒன்றே மாதம் 1,000 ரிங்கிட் சேமிப்பு. வேறெந்தச் சிக்கனமும் இதற்கு இணையாகாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய காரை ஐந்தாண்டுக் கடனில் வாங்கி, கடன் முடிந்த பிறகும் அதையே ஓட்டுங்கள். தவணை நின்ற மாதத்திலிருந்து அதே தொகையைச் சேமிப்புக்கு மாற்றுங்கள்.

வீடு. வாடகையில் இருப்பது பணத்தை வீணாக்குவது என்று சொல்லி, தாங்க முடியாத கடனில் இளம் தம்பதியரைத் தள்ளிவிடுகிறார்கள். வீட்டுக் கடன் 300,000 ரிங்கிட், வட்டி 4 விழுக்காடு, 35 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை சுமார் 1,328; முடிவில் கட்டியிருக்கும் மொத்தம் சுமார் 558,000. இதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி, வழக்கறிஞர் செலவு, முன்பணம் எல்லாம் இருக்கின்றன. அவசர நிதி நிறைந்து, அட்டைக் கடன் தீர்ந்து, முன்பணம் கையில் இருக்கும்போது வாங்குங்கள். அதுவரை பெற்றோருடன் இருக்க முடிந்தால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் வாடகை கொடுப்பதாகப் பாவித்து அத்தொகையை முன்பணத்துக்கு மாற்றுங்கள். சும்மா இருந்துவிட்டால் அந்த ஆண்டுகள் வீண்.

வீடு வாங்கிய பிறகு, மேற்சொன்ன கடனுக்கு மாதம் 100 ரிங்கிட் கூடுதலாகக் கட்டிவந்தால் கடன் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முன்னதாக முடியும். சுமார் 41,000 ரிங்கிட் வட்டி மிச்சம். கூடுதல் தொகை கடனின் அசலில்தான் கழிகிறது என்பதை வங்கியில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதே 100 ரிங்கிட்டை இபிஎஃப்-இல் போடுவதே லாபம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. ஈவு வீட்டுக் கடன் வட்டியைவிடக் கூடுதலாக இருக்கும்வரை அவர்கள் சொல்வது சரி. வேலை நிலையில்லாதவர்களுக்கும் ஐம்பதை நெருங்குபவர்களுக்கும் கடனைக் குறைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

விசேஷம். இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும் என்பதை அறிவேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, நிச்சயம், திருமணம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்று மண்டபம் எடுத்து நடத்தும் நிகழ்ச்சிகளுக்காகத் தனிநபர் கடன் எடுப்பதை நம் சமூகம் நிறுத்தியே ஆக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, நெருங்கிய உறவினருக்கு வாழை இலைச் சாப்பாடு போட்டு நடந்த திருமணம் எவ்விதத்திலும் குறைந்ததன்று. எத்தனை பேரை அழைப்பது என்பதை மண்டபம் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆயிரம் பேருக்கு மண்டபத்தைப் பிடித்துவிட்டு ஆட்களைத் தேடும் வழக்கந்தான் செலவை ஏற்றிவிடுகிறது. சேர்த்த பணம் எவ்வளவோ அதுவே நிகழ்ச்சியின் அளவு. வீட்டின் பெரியவர்கள் இதை முன்னின்று சொன்னால் இளையவர்களுக்குப் பெரும் விடுதலையாக இருக்கும்.

படி 7: அடுப்படியில் மிச்சமாவதை அன்றே மாற்றுங்கள்

இருவரும் வேலையிடத்தில் மதியம் ஆளுக்கு 10 ரிங்கிட் செலவழித்தால், 22 வேலை நாட்களுக்கு 440 ரிங்கிட். வீட்டிலிருந்து கட்டிப்போனால் ஆளுக்கு 4 ரிங்கிட் என்று வைத்தாலும் 176-இல் முடிந்துவிடும், மிச்சம் 264. இது நடக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு கிலோ வெங்காயத்தை நறுக்கி இஞ்சி, பூண்டுடன் வதக்கி மூன்று டப்பாக்களில் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால், வார நாட்களில் எந்தக் குழம்பும் இருபது நிமிட வேலை. பருப்பை மொத்தமாக வேகவைத்துப் பாதியை உறைய வையுங்கள். நெத்திலிச் சம்பல் ஒரு பாட்டில் இருந்தால் வியாழன், வெள்ளியில் அலுப்பு வரும்போது சோறும் முட்டையும் போதும். அதிகாலையில் எழுந்து சமைத்துக் கட்டும் திட்டம் இரண்டாவது வாரத்தில் உடைந்துவிடும். முதல் நாள் இரவே அடுக்குத் தூக்கில் போட்டு வைப்பதுதான் நிலைக்கும். நறுக்குவதும் வதக்குவதும் பெண்ணின் தலையில் மட்டும் விழும் வீட்டில் இது நீடிக்காது, நீடிக்கவும் கூடாது.

சாமான் வாங்கும்போது உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட்டுக்கும், உதவித்தொகை பெற்ற சமையல் எண்ணெய்ப் பொட்டலம் ஒரு கிலோ 2 ரிங்கிட் 50 காசுக்கும் கிடைக்கும் கடைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீனும் காய்கறியும் சௌகிட் போன்ற பெரிய சந்தையில் மலிவு என்றாலும், ஒரு வாரத்தில் தின்று முடிக்கும் அளவே வாங்குங்கள். அழுகிப்போகும் காயில் மலிவு ஏதும் இல்லை. சாதாரணக் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்குக்கு ஓடாமல், குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவம் பார்க்கும் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானைப் பயன்படுத்துவதும் பெரிய மிச்சம்.

இப்போது அந்த 264 ரிங்கிட்டுக்கு வருவோம். முதல் மாதம் சாப்பாடு கட்டிப்போக முடிகிறது என்று தெரிந்ததும், இரண்டாவது மாதம் சம்பள நாளிலேயே 250 ரிங்கிட்டைச் சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள். மாத இறுதியில் மீந்ததை மாற்றலாம் என்று காத்திருந்தால் மீதி இருக்காது. சோறு கட்டிய உழைப்பு முழுவதும் ஆன்லைன் கடைக்கே போய்ச் சேரும்.

படி 8: சேர்த்த பணத்தை எங்கே வைப்பது

மாதம் 300 ரிங்கிட்டை ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ச்சியில் போட்டுவந்தால், பத்தாண்டில் சுமார் 46,500 ரிங்கிட், இருபதாண்டில் சுமார் 123,000, முப்பதாண்டில் சுமார் 249,000 ரிங்கிட். கடைசிப் பத்தாண்டில் மட்டும் 126,000 ரிங்கிட் சேர்வதைக் கவனியுங்கள். நீங்கள் அந்தப் பத்தாண்டில் போட்டது 36,000 மட்டுமே. இருபத்தைந்து வயதில் தொடங்குவதற்கும் முப்பத்தைந்தில் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். உங்கள் பிள்ளை முதல் வேலைக்குப் போனதும் முதலில் காட்ட வேண்டிய கணக்கும் இதுவே.

சாதாரணக் குடும்பத்துக்கு இபிஎஃப்தான் முதல் இடம் என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான சேமிப்புக்கு 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு ஈவு அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.5 விழுக்காடு குறையாமல் தர வேண்டும் என்ற உத்தரவாதமும் சட்டத்தில் உண்டு. மாதக் கட்டாயச் சந்தாவுக்கு மேல், சுயவிருப்பமாக ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை போடலாம். முகவர் கமிஷன் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது.

2024 மே மாதம் முதல் புதிய சந்தா மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக்காலக் கணக்குக்கு 75, வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான செஜாத்ரா கணக்குக்கு 15, ஃபிளெக்சிபல் கணக்குக்கு 10 விழுக்காடு. ஃபிளெக்சிபலிலிருந்து 50 ரிங்கிட் முதல் எந்த நேரமும் எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதற்காக எடுக்காதீர்கள். செயலியிலேயே அத்தொகையை ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றலாம். மாற்றியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எடுத்துச் செலவழிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் சிறப்பு அனுமதியின்கீழ் உறுப்பினர்கள் எடுத்த மொத்தத் தொகை 145 பில்லியன் ரிங்கிட். அன்று வேறு வழியில்லாமல் எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலை பலருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. 2019 முதல் பல ஆண்டுகள் 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பாக இபிஎஃப் சொல்லிவந்த 240,000 ரிங்கிட், இருபதாண்டுகளுக்கு மாதம் 1,000 ரிங்கிட் என்ற கணக்கில் வந்தது. கோலாலம்பூரில் மாதம் ஆயிரத்தில் முதுமையை ஓட்ட முடியுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கிராப் ஓட்டுபவர், கேட்டரிங் செய்பவர், தையல் வேலை பார்ப்பவர் போன்ற சொந்தத் தொழிலாளர்கள் இபிஎஃப்-இன் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 2025-இல் நடப்புக்கு வந்த விதிப்படி, போடும் தொகைக்கு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. அதாவது 2,500 ரிங்கிட் போட்டால் 500 ரிங்கிட் கூடுதல், அதற்கு மேல் ஈவு. மாதம் 210 ரிங்கிட் ஒதுக்கினால் இது முடிந்துவிடும். தெரியாமல் விட்டுவிடும் நம்மவர்கள் மிகப் பலர்; தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

அடுத்து அமானா சஹாம் மலேசியா. அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான ஏஎஸ்என்பி நடத்தும் இத்திட்டத்தில் ஒரு யூனிட்டின் விலை எப்போதும் ஒரு ரிங்கிட். எல்லா மலேசியர்களும் வாங்கலாம். இந்தியர்களுக்கான ஒதுக்கீடு நிறைந்திருக்கும்போது வாங்க முடியாமல் போகும். வேறு யாராவது விற்கும்போது கிடைக்கும் என்பதால் செயலியில் அடிக்கடி முயன்று பார்க்க வேண்டும். அதே நிறுவனத்தின் விலை மாறும் திட்டங்களை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றில் போட்ட பணம் குறையவும் கூடும்.

பிள்ளைகளின் உயர்கல்விக்கு, தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் நடத்தும் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கு நல்லது. அதில் ஓராண்டில் நிகரமாகச் சேர்க்கும் தொகைக்கு 8,000 ரிங்கிட் வரை வரிக் கழிவு கிடைக்கிறது. வருமான வரி கட்டாதவர்களுக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. அவர்கள் ஈவு விகிதத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யட்டும்.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 916 நகை அணிவதற்கு. வாங்கும்போது கொடுத்த செய்கூலி விற்கும்போது திரும்பாது. அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள். பங்குச் சந்தையும் யூனிட் டிரஸ்டும் அவசர நிதி நிறைந்த பிறகு, ஐந்தாண்டுகளாவது தொடத் தேவையில்லாத பணத்துக்கு மட்டும். விற்பனைக் கட்டணம் எவ்வளவு என்று முகவரிடம் முதலில் கேளுங்கள்.

மாதம் 5 அல்லது 10 விழுக்காடு லாபம் தருவதாக வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் திட்டங்களில், அழைப்பவர் உறவினராக இருந்தாலும் கோயில் நிர்வாகத்தில் இருப்பவராக இருந்தாலும், ஒரு காசும் போடாதீர்கள். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிட்டு வருகின்றன. ஒரு நிறுவனத்தின் பெயர் அவற்றில் இல்லை என்பதாலும் அது உரிமம் பெற்றது என்று ஆகிவிடாது. ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டது தெரிந்தால், அந்த நிமிடமே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகும் முன் தடுக்க முயல்வார்கள்.

படி 9: ஆண்டுக்கு ஒரு நாள் கணக்குப் பார்ப்பதும், வாரிசைப் பதிவதும்

இபிஎஃப் ஈவு வழக்கமாகப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ அறிவிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, கணவனும் மனைவியும் எல்லாக் கணக்குகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்: எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன் பாக்கி, சென்ற ஆண்டைவிட எவ்வளவு முன்னேற்றம். சம்பளம் உயர்ந்திருந்தால் உயர்வில் பாதியை, அது பழகிப்போகும் முன், தானியங்கி மாற்றத்தில் சேருங்கள். 200 ரிங்கிட் உயர்வு என்றால் 100 சேமிப்புக்கு, 100 வீட்டுக்கு.

அதே மாலையில் இபிஎஃப்-இல் யாருடைய பெயர் வாரிசாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, பெயர் குறிக்கப்பட்டவரே அப்பணத்துக்கு உரியவர். திருமணத்துக்கு முன் தாயாரின் பெயரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதிலிருந்து ஒன்றும் வராமல் போகலாம். யார் பெயரும் இல்லையென்றால், துக்க வீட்டார் சொத்து நிர்வாகப் பத்திரத்துக்காக அலைய வேண்டியிருக்கும். வீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு உயிலும் எழுதிவிடுங்கள். உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி பிரியும்: கணவன் அல்லது மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. குடியிருக்கும் ஒரே வீடு இப்படிப் பலர் பெயரில் பிரிந்துவிட்டால், விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதால், மணமானவர்கள் புதிதாக எழுத வேண்டும். எழுதிய உயில், இபிஎஃப் எண், வங்கிக் கணக்குகளின் பட்டியல், காப்புறுதிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை மூத்த பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.